ஒரே பெட்டியில் மூன்று வெல்டிங்: பேனல் சொல்லாத விஷயங்கள்

கம்ப்யூட்டர் இதழில் வெல்டிங் மெஷினுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. இன்று கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் ‘3 இன் 1’ வெல்டிங் மெஷினின் உள்ளே இருப்பது உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எஸ்.எம்.பி.எஸ்.ஸின் அண்ணன்தான். அதை ஆட்டி வைப்பது ஒரு மைக்ரோகண்ட்ரோலரும், அதற்குள் பதியப்பட்ட மென்பொருளும். முன்பக்கம் வண்ண டிஸ்ப்ளே, ஒரு குமிழ், இரண்டு மூன்று பட்டன்கள். பார்த்தால் பழைய ஆடியோ சிஸ்டம் போல இருக்கும். கேட் கீல் விட்டுப்போனால் ஒட்ட, மாடிக்கு ஒரு ஸ்டாண்டு செய்ய, பைக்கின் கேரியரை சரி செய்ய என்று வீட்டு உபயோகத்திற்கே பலர் இதை வாங்குகிறார்கள். அவர்களில் கம்ப்யூட்டர் துறையினரும் நிறைய பேர்.

இங்கேதான் ஒரு சிக்கல். பிரிண்டர் வாங்கினால் கேபிளை செருகி, டிரைவரை நிறுவி, பிரிண்ட் கொடுத்து விடுகிறோம். தவறாகச் செருகினால் திரையில் ஒரு எர்ரர் மெசேஜ் வரும். வெல்டிங் மெஷின் அப்படி அல்ல. பேனலில் நீங்கள் எதைத் தேர்வு செய்தீர்கள் என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். முன்பக்கம் எந்த கேபிளை எந்த துளையில் செருகியிருக்கிறீர்கள், சிலிண்டரில் என்ன கேஸ் இருக்கிறது, சுவரில் உள்ள பிளக்கில் எர்த் வருகிறதா, ஒட்டப் போகும் பைப்பில் துத்தநாகப் பூச்சு இருக்கிறதா என்பதெல்லாம் பெரும்பாலான மெஷின்களுக்குத் தெரியாது. அவற்றை நீங்கள்தான் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றியதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

பழைய பட்டறைகளில் சக்கரம் வைத்த ஒரு பெரிய இரும்புப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அது 50 ஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்ஸ்பார்மர். தூக்க இரண்டு பேர் வேண்டும். இப்போது வருவது இன்வெர்ட்டர் வகை. (கரண்ட் போனால் மின்விசிறியை ஓட்டும் பேட்டரி இன்வெர்ட்டருடன் இதைக் குழப்பிக் கொள்ள வேண்டாம்.) 230 வோல்ட் ஏ.சி. உள்ளே வந்ததும் அது டி.சி.யாக மாற்றப்பட்டு பெரிய கெபாசிட்டர்களில் சேமிக்கப்படுகிறது. அங்கே மின்னழுத்தம் சுமார் 325 வோல்ட். ஐ.ஜி.பி.டி. எனப்படும் டிரான்சிஸ்டர்கள் இந்த டி.சி.யை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒரு சிறிய டிரான்ஸ்பார்மருக்குள் அனுப்புகின்றன. அதிர்வெண் கூடினால் டிரான்ஸ்பார்மர் சிறிதாக இருந்தாலே போதும். அதனால்தான் 200 ஆம்பியர் தரும் மெஷினைக்கூட ஒரு கையில் தூக்க முடிகிறது. டிரான்ஸ்பார்மரிலிருந்து வெளிவருவது மீண்டும் டி.சி.யாக்கப்பட்டு முன்பக்கத் துளைகளுக்கு வருகிறது.

வெட்டும் வேலையை மென்பொருள் கட்டுப்படுத்துவதால், ஒரே பெட்டியை இரண்டு விதமாக நடந்து கொள்ளச் செய்யலாம். ராடு வைத்து ஒட்டும்போதும் டிக் முறையிலும் கரண்ட் மாறாமல் இருக்க வேண்டும். கை சற்று மேலே போய் ஆர்க் நீண்டாலும் ஆம்பியர் அதேதான். மிக் முறையில் நேர்மாறு. அங்கே வோல்டேஜ்தான் மாறாது. ஒயர் வெளிவரும் வேகம்தான் கரண்டைத் தீர்மானிக்கிறது. மிக் மோடில் ‘ஆம்பியர்’ குமிழைத் திருப்பும்போது நீங்கள் உண்மையில் ஒயர் மோட்டாரின் வேகத்தைத்தான் மாற்றுகிறீர்கள். இது புரிந்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்று முறைகளில் எது எதற்கு என்பதை விரைவாகப் பார்த்து விடுவோம். ராடு வெல்டிங், அதாவது நம் தெருப் பட்டறைகளில் நடப்பது, திறந்த வெளிக்கும் சற்று துருப்பிடித்த இரும்புக்கும் ஏற்றது. மிக் என்பது ஸ்பூலில் சுற்றிய ஒயர் துப்பாக்கி வழியாகத் தானாக வரும் முறை; 1 முதல் 3 மி.மீ. தகடுகளுக்கு அருமை, கற்றுக் கொள்ளவும் எளிது. டிக் முறையில் டங்ஸ்டன் முனையால் உருக்கி, மறு கையால் கம்பியை ஊட்ட வேண்டும். மெதுவானது, ஆனால் அழகானது. விளம்பரத்தில் அலுமினியத்தை டிக் செய்வது போல் படம் போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். அலுமினியத்தின் மேல் உள்ள ஆக்சைடு படலத்தை உடைக்க ஏ.சி. வெளியீடு தேவை. குறைந்த விலை 3 இன் 1 மெஷின்களில் பெரும்பாலானவை டி.சி. மட்டுமே தருபவை.

முதலில் சுவரைப் பாருங்கள்

மெஷின் வந்ததும் பெட்டியைப் பிரித்து ஆன் செய்யத்தான் கை துறுதுறுக்கும். அதற்கு முன் ஒரு சின்ன கணக்குப் போடுவோம். ராடு வெல்டிங்கில் 200 ஆம்பியரில் ஆர்க் வோல்டேஜ் 28 என்பது தர நிர்ணயத்தில் உள்ள கணக்கு. 200 பெருக்கல் 28, அதாவது 5,600 வாட். மெஷினின் செயல்திறன் 85 சதவீதம், பவர் பேக்டர் 0.7 என்று வைத்துக் கொண்டால், சுவரிலிருந்து இழுக்கப்படும் கரண்ட் 40 ஆம்பியரைத் தாண்டுகிறது. நம் வீடுகளில் உள்ள பெரிய பிளக் பாயின்ட் 16 ஆம்பியர். ஆக, பெட்டியில் 200 என்று அச்சிட்டிருந்தாலும் அந்த பிளக்கில் செருகி 200 ஓட்ட முடியாது. எம்.சி.பி. விழும், விழாவிட்டால் அது அதைவிட ஆபத்து.

அதே கணக்கை 80 ஆம்பியருக்குப் போட்டால் 14 ஆம்பியருக்குள் வருகிறது. 80 ஆம்பியர் என்பது 12 கேஜ் ராடு, அதாவது 2.5 மி.மீ. ராடு எரிக்கப் போதுமானது. வீட்டு வேலையில் பத்தில் ஒன்பது இதற்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் வேண்டும் என்றால் மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், அதற்கேற்ற தடிமனில் ஒயர், தனி எம்.சி.பி. என்று எலெக்ட்ரீசியனை வைத்துப் போட வேண்டும். உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்பதையும் பார்த்துக் கொள்ளுங்கள். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதே என்று பெரிய எம்.சி.பி.யை மட்டும் மாற்றி வைப்பது, வைரஸ் எச்சரிக்கை வருகிறதே என்று ஆன்டி வைரஸை நீக்கி விடுவதற்குச் சமம். எம்.சி.பி. காப்பாற்றிக் கொண்டிருந்தது சுவருக்குள் போகும் ஒயரை.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கம்ப்யூட்டருக்கு வாங்கிய ஸ்பைக் பஸ்டரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. 1.5 சதுர மி.மீ. காப்பர் ஒயரில் 30 மீட்டர் நீளமுள்ள எக்ஸ்டென்ஷனை எடுத்துக் கொள்வோம். போக வர 60 மீட்டர். 16 ஆம்பியர் ஓடினால் சுமார் 12 வோல்ட் வழியிலேயே இறங்கிவிடும். அதோடு 180 வாட்டுக்கு மேல் அந்த ஒயரிலேயே சூடாக மாறும். விரித்துக் கிடந்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். சுருட்டி வைத்தபடியே பயன்படுத்தினால் சூடு உள்ளேயே அடைபட்டு ஒயரின் உறை இளகிவிடும். அதனால் 4 சதுர மி.மீ. ஒயர், முடிந்த அளவு குட்டையாக, முழுவதும் விரித்து. இதில் சிக்கனம் வேண்டாம்.

எர்த் பின் நிச்சயம் வேலை செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் ‘சுர்’ என்று இழுக்கிறது என்று பலரும் சொல்லக் கேட்டிருப்போம். எர்த் இல்லாத வீட்டின் அடையாளம் அது. அங்கே அது தொந்தரவு மட்டும். இங்கே, வெளிப்புறம் முழுவதும் இரும்பாக உள்ள மெஷினில் உள்ளே ஒரு ஒயர் உரசி பாடியில் பட்டால், எர்த் இல்லாத நிலையில் 230 வோல்ட் உங்கள் கையில் இருக்கும்.

மேனுவலின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரியைப் பலர் படிப்பதில்லை. ‘ஏ வகுப்பு’ சாதனம் என்று போட்டிருந்தால், பொது மின் விநியோகத்தில் இயங்கும் குடியிருப்புப் பகுதிகளுக்காக அது வடிவமைக்கப்படவில்லை என்று பொருள். மின்காந்த இடையூறு பற்றிய எச்சரிக்கை அது. டிக் முறையில் உயர் அதிர்வெண் பொறியால் ஆர்க்கைத் தொடங்கும் வசதி இருந்தால் இடையூறு இன்னும் அதிகம். பக்கத்து அறையில் கம்ப்யூட்டர், மோடம், சிசிடிவி இருந்தால் வெல்டிங் நேரத்தில் அவற்றை அணைத்து பிளக்கையும் உருவி விடுவது நல்லது. ஒரே சர்க்யூட்டில் இரண்டையும் செருக வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அருகே வரக்கூடாது.

பிளஸ், மைனஸ்: அதிகம் தவறும் இடம்

முன்பக்கம் பிளஸ், மைனஸ் என்று இரண்டு துளைகள் இருக்கும். மிக் துப்பாக்கிக்குத் தனி இணைப்பு, அதோடு வெளியே தொங்கும் ஒரு குட்டை கேபிள். இந்தக் குட்டை கேபிளை பிளஸ்ஸில் செருகுகிறீர்களா மைனஸ்ஸில் செருகுகிறீர்களா என்பதைப் பொறுத்துத்தான் துப்பாக்கியின் துருவம் அமையும். பேனலில் மோடை மாற்றினால் இது மாறாது. கையால் பிடுங்கி மாற்ற வேண்டும்.

கேஸுடன் சாதாரண ஒயர் ஓட்டினால் துப்பாக்கி பிளஸ், கிளாம்ப் மைனஸ். கேஸ் இல்லாமல் ஓடும் பிளக்ஸ் ஒயருக்கு, அதாவது உள்ளே மருந்து நிரப்பிய ஒயருக்கு, பெரும்பாலும் துப்பாக்கி மைனஸ், கிளாம்ப் பிளஸ். ஸ்பூலின் லேபிளில் போட்டிருக்கும், அதையே நம்புங்கள். டிக் முறையில் டார்ச் எப்போதும் மைனஸ். மாற்றிச் செருகினால் சூடு முழுவதும் டங்ஸ்டன் பக்கம் திரும்பி, கூரான முனை சில வினாடிகளில் உருண்டையாகிவிடும். ராடுகளில், பட்டறைகளில் எங்கும் கிடைக்கும் 6013 எந்தப் பக்கமும் எரியும். 7018 என்றால் ஹோல்டர் பிளஸ்.

துருவம் தவறானால் வெல்டிங் கெடும், அவ்வளவுதான். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மிக் மோடில் டிரிகரை அழுத்தினால்தான் வெளியீட்டில் மின்சாரம் வரும். விட்டால் நின்றுவிடும். ராடு மோடில் டிரிகர் கிடையாது. அந்த மோடைத் தேர்வு செய்த கணத்திலிருந்து ஹோல்டரில் மின்னழுத்தம் இருந்து கொண்டே இருக்கும். லிப்ட் டிக் முறையிலும் பல மெஷின்களில் அப்படித்தான். மிக் முடித்துவிட்டு, துப்பாக்கியைக் கழற்றாமல், ராடு மோடுக்கு ஒரு பட்டனை அழுத்தி மாறுகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். பல மெஷின்களில் பிளஸ்ஸில் இணைந்திருக்கும் எல்லாமே உயிர்பெறும். மேஜை மேல் கிடக்கும் துப்பாக்கியின் முனையில் நீட்டிக் கொண்டிருக்கும் ஒயர் உட்பட. டிரிகரை யாரும் தொடவில்லை. ஒரு மென்பொருள்காரனாக எனக்கு இந்த வடிவமைப்பு பிடிக்கவில்லை. ஒரு பட்டன் அழுத்தலில் ‘அழுத்தினால்தான் மின்சாரம்’ என்பது ‘எப்போதும் மின்சாரம்’ என்று மாறுவதை டிஸ்ப்ளேயில் பெரிதாகக் காட்டியிருக்க வேண்டாமா? காட்டுவதில்லை. ஆகவே மோடை மாற்றும் முன் பவரை அணைத்து, பயன்படுத்தாத கேபிள்களை முழுவதும் கழற்றி வைத்துவிட்டு, பிறகு ஆன் செய்யுங்கள்.

எர்த் அல்லாத எர்த் கிளாம்ப்

பட்டறையில் எல்லோரும் எர்த் கிளாம்ப் என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அது எர்த் அல்ல. ஆர்க் வழியே போன கரண்ட் மெஷினுக்குத் திரும்பி வரும் பாதை. நூறு ஆம்பியர் போனால் நூறும் அதன் வழியே திரும்ப வேண்டும். கிளாம்ப் துருவின் மேலோ பெயின்டின் மேலோ கடித்திருந்தால் கரண்ட் வேறு வழி தேடும். ஒட்டும் பொருள் வீட்டு எர்த்துடன் எங்காவது தொட்டுக் கொண்டிருந்தால், மெல்லிய எர்த் ஒயர் வழியே பெரிய கரண்ட் போய் அது எரிந்தே போகலாம். பிறகு அந்த வீட்டில் எர்த் இல்லை என்பதே யாருக்கும் தெரியாது.

பைக், கார் என்றால் இன்னும் கவனம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒட்டும் இடத்திற்கு ஒரு சாண் தூரத்திலேயே கிளாம்பை மாட்டுங்கள். எங்கோ மாட்டினால் கரண்ட் சக்கரத்தின் பேரிங் வழியாகவோ இ.சி.யு. வழியாகவோ போய்விடும். பேரிங் குழி விழும், இ.சி.யு. போனால் செலவு வெல்டிங் மெஷினின் விலையைத் தாண்டலாம்.

கிளாம்ப் கடிக்கும் இடத்தை கிரைண்டரால் பளபளவென்று தேய்த்துவிட்டு மாட்டுவதுதான் வழி. எங்கள் தெருப் பட்டறையில் பல வருடங்களாக வேலை பார்க்கும் அண்ணனிடம் “ஆர்க் நிக்கவே மாட்டேங்குதுண்ணே, செட்டிங் என்ன வைக்கணும்?” என்று ஒருவர் கேட்டபோது, அவர் பேனலைப் பார்க்கவே இல்லை. “கிளாம்பைத் தேய்ச்சு மாட்டு தம்பி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சரியாகிவிட்டது.

ஒயரும் கேஸும்

மிக் முறையில் ஒயரை ஏற்றும்போது மூன்று இடங்களில் அளவு பொருந்த வேண்டும்: ஒயர், அதைத் தள்ளும் ரோலரின் பள்ளம், துப்பாக்கி முனையில் உள்ள செம்பு டிப். 0.8 ஒயருக்கு மூன்றுமே 0.8. சாதாரண ஒயருக்கு ‘வி’ வடிவப் பள்ளம். பிளக்ஸ் ஒயருக்குப் பற்கள் உள்ள ரோலர், ஏனென்றால் அது குழல் போன்றது, அழுத்தினால் நசுங்கும். ரோலரின் இறுக்கத்தை அளவோடு வையுங்கள். இறுக்கினால் எங்காவது சிக்கும்போது ஒயர் ரோலருக்குப் பக்கத்திலேயே பறவைக் கூடு போலச் சுருண்டு கொள்ளும்.

மிக் முறைக்கு ஆர்கான் 80, கார்பன் டை ஆக்சைடு 20 கலவை அல்லது தனி கார்பன் டை ஆக்சைடு. டிக் முறைக்கு சுத்தமான ஆர்கான் மட்டும். கலவையை டிக்கில் விட்டால் டங்ஸ்டன் கருகிப் போகும். நிமிடத்திற்கு 10 முதல் 12 லிட்டர் ஓட்டம் அறைக்குள் போதும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் திரவமாக இருப்பதால் கேஜ் முள்ளைப் பார்த்து மீதியைச் சொல்ல முடியாது. நம் வீட்டு சமையல் சிலிண்டர் மாதிரி எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். சிலிண்டரை நிமிர்த்தி, சங்கிலியால் கட்டி வையுங்கள். நிரம்பிய ஆர்கான் சிலிண்டரில் அழுத்தம் சுமார் 150 பார். அதாவது கார் டயரில் இருப்பதைப் போல ஏறத்தாழ 70 மடங்கு. விழுந்து வால்வு உடைந்தால் அது சிலிண்டராக இருக்காது, ராக்கெட்டாகிவிடும். சின்ன அறையில் கசிந்தால் இன்னொரு ஆபத்து: ஆர்கானுக்கு மணமில்லை, காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி ஆக்சிஜனை வெளியேற்றும்.

சினெர்ஜிக் என்ற மந்திரம்

இப்போது பேனலுக்கு வருவோம். ‘சினெர்ஜிக்’ என்று எழுதியிருந்தால், பொருள், ஒயர் அளவு, கேஸ், தகட்டின் தடிமன் ஆகியவற்றைச் சொன்னால் வோல்டேஜையும் ஒயர் வேகத்தையும் அதுவே தேர்வு செய்யும். தொழிற்சாலையில் சோதித்து உருவாக்கிய ஒரு அட்டவணை உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான். தவறான இன்புட் கொடுத்தால் தவறான அவுட்புட். கேஸ் கலவை என்று தேர்வு செய்துவிட்டு தனி கார்பன் டை ஆக்சைடு மாட்டினால் பொறி பறக்கும். அதற்கு அது எந்த எச்சரிக்கையும் தராது.

தொடக்கத்திற்கு நல்ல உதவிதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கைவசம் ஒரு கணக்கு இருக்கட்டும்: சாதாரண இரும்பில் 1 மி.மீ. தடிமனுக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர். 2 மி.மீ. தகடு என்றால் 80. மெஷின் காட்டுவது இதிலிருந்து வெகுவாக விலகினால் ஏதோ ஒரு தேர்வு தவறு. பிறகு காதால் சரி செய்யுங்கள். மிக் சரியாக ஓடும்போது சூடான எண்ணெயில் அப்பளம் பொரிவது போல ஒரே சீராகச் சத்தம் வரும். பட் பட் என்று ஒயர் தகட்டை முட்டித் தள்ளினால் வோல்டேஜ் குறைவு அல்லது வேகம் அதிகம். ஒயர் டிப்பிலேயே உருகி ஒட்டிக் கொண்டால் நேர்மாறு.

மெஷினின் பின்புறத் தகட்டில் ‘200 ஆம்பியர், 30%’ என்று இருக்கும். பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம்தான் அந்த கரண்டில் ஓட்டலாம், மீதி ஏழு நிமிடம் விசிறி ஓட விட வேண்டும் என்று பொருள். சர்வதேச தரத்தில் இது 40 டிகிரி வெப்பநிலைக்குக் கணக்கிடப்படுகிறது. கரண்டைக் குறைத்தால் நேரம் கூடும். மேலே சொன்ன மெஷின் சுமார் 110 ஆம்பியரில் இடைவிடாமல் ஓடும். அதாவது 80 ஆம்பியர் வேலைக்கு இதைப் பற்றிய கவலையே வேண்டாம். சூடாகி மஞ்சள் விளக்கு எரிந்தால் பவரை அணைக்காதீர்கள், விசிறியும் நின்றுவிடும்.

உடம்பைக் காக்க

முதலில் ஷாக். வெல்டிங் செய்யாமல் சும்மா இருக்கும்போது ராடு மோடில் வெளியீடு பொதுவாக 60 முதல் 80 வோல்ட் டி.சி. ‘230 இல்லையே’ என்று அலட்சியம் வேண்டாம். நம் ஊர் மே மாதத்தில், வியர்த்த உடம்போடு, இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்து ராடு மாற்றும் ஒருவருக்கு அது உயிர் போகும் அளவு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, ஷாக் அடித்தால் விழுந்துவிடும் என்று நம்பிக்கையாக இருப்போம். மெஷினின் உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் வெளியீட்டை மெயினிலிருந்து முழுவதும் பிரித்து விடுகிறது. ஹோல்டருக்கும் கிளாம்புக்கும் நடுவே நீங்கள் மாட்டிக் கொண்டால் ஆர்.சி.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. விழாது. ஆகவே உலர்ந்த தோல் கையுறை, ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூ, காலடியில் உலர்ந்த பலகை. ஈரத் தரையிலும் மழைத் தூறலிலும் வேலை இல்லை. வி.ஆர்.டி. என்ற வசதி இருந்தால் ஆன் செய்து வையுங்கள். ராடு இரும்பைத் தொடும் வரை வெளியீட்டை 35 வோல்ட்டுக்கும் கீழே வைத்திருக்கும். மெஷின் வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது டிஸ்ப்ளேயை அல்ல, இதைத்தான்.

அடுத்தது கண். ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரி படுத்த பிறகு, கண்ணில் மணலைக் கொட்டியது போல எரியும். உருளைக்கிழங்கு வைப்பது, பால் விடுவது எல்லாம் வேண்டாம், கண் டாக்டரிடம் போங்கள். தானாக இருட்டாகும் ஹெல்மெட் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. 100 ஆம்பியர் அளவுக்கு 10 அல்லது 11 என்ற அளவில் வைக்கவும். நல்ல ஹெல்மெட்டில் பில்டர் வெளிச்சமாக இருக்கும்போதும் புற ஊதாவைத் தடுத்துக் கொண்டே இருக்கும். மொபைலில் வீடியோ எடுக்கும் தம்பிதான் பெரும்பாலும் மாட்டிக் கொள்வது. திரையைத்தானே பார்க்கிறோம் என்று நினைத்து, ஓரக் கண்ணால் நேரடி ஆர்க்கை வாங்கிக் கொள்கிறான். அவனுக்கும் ஒரு ஹெல்மெட். (கான்டாக்ட் லென்ஸ் அணிந்து வெல்டிங் செய்தவரின் லென்ஸ் கண்ணோடு ஒட்டிக் கொண்டது என்று ஒரு செயின் மெயில் பல வருடங்களாகச் சுற்றியது. அது கட்டுக்கதை.)

புகையைப் பலரும் பெரிதாக எண்ணுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. வீட்டில் எப்போதாவது செய்பவர் பயந்து ஓட வேண்டியதில்லை. திறந்த இடத்தில், புகை முகத்தைத் தாண்டாமல் பக்கவாட்டில் போகும்படி தலையை வைத்துச் செய்தால் பெருமளவு குறையும். ஆனால் ஜி.ஐ. பைப்பை அப்படியே ஒட்டாதீர்கள். துத்தநாகம் ஆவியாகி, சில மணி நேரம் கழித்து மலேரியா போலக் குளிர் ஜுரம் வரும். ஒட்டும் இடத்தின் இருபுறமும் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, அதற்குரிய மாஸ்க் அணிந்து செய்யுங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை நீக்க பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்துவிட்டு ஒட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. சில பிரேக் கிளீனர்களில் டெட்ரா குளோரோ எத்திலீன் போன்ற குளோரின் கலந்த கரைப்பான் இருக்கிறது. அது காய்வதற்குள் ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு உருவாகலாம். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு. நுரையீரலில் நீர் கோர்ப்பது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். டின்னின் பின்புறம் குளோரோ என்று எந்த வார்த்தை இருந்தாலும் வெல்டிங் பக்கம் வரக்கூடாது. அசிட்டோன் தடவி, முழுக்கக் காய விட்டு, டின்னை மூடி தூரமாக வைத்த பிறகு ஆரம்பிக்கவும்.

உடை பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். லுங்கியும் செருப்பும் வேண்டாம். பெயின்ட் டப்பா, பெட்ரோல் டேங்க், மூடிய டிரம் எதையும் ‘காலிதானே’ என்று ஒட்டாதீர்கள். உள்ளே தங்கிய ஆவிக்கு ஒரு பொறி போதும்.

தொடங்கும்போதும் முடிக்கும்போதும்

கேபிள்களைச் செருகிய பிறகு கைக்கு வலிக்கும் வரை திருகி இறுக்குங்கள். தளர்வான இணைப்பு சூடாகி துளையையே உருக்கிவிடும். பிறகு கேஸ் திறந்து, கடைசியில்தான் பவர். முதல் நாள் கேட்டில் கை வைக்க வேண்டாம். பழைய இரும்புக் கடையில் 3 மி.மீ. பட்டை கொஞ்சம் வாங்கி அதில் கோடு இழுத்துப் பழகுங்கள். ஒட்டியதை வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பாருங்கள். மேலே அழகாக இருந்து, உடைத்தால் ஒட்டாமல் பிரிகிறது என்றால் சூடு உள்ளே இறங்கவில்லை. படி, ஊஞ்சல் கொக்கி, வண்டியின் சேஸிஸ் போன்று ஆள் பாரம் தாங்கும் எதையும் பழகும் காலத்தில் செய்யாதீர்கள். அதை ஐ.டி.ஐ. முடித்த வெல்டரிடம் கொடுத்துவிடலாம்.

கிரைண்டரை மெஷினுக்குப் பக்கத்தில் ஓட்ட வேண்டாம். விசிறி இரும்புத் தூளை உள்ளே இழுத்து போர்டின் மேல் பரப்பும். இரும்புத் தூள் மின்கடத்தி என்பது உங்களுக்குத் தெரியும். சில மாதங்களுக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, காற்றோட்டத் துளை வழியே புளோயரால் ஊதினால் போதும். மூடியைக் கழற்ற வேண்டாம். முதலில் சொன்ன அந்த 325 வோல்ட் கெபாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நிமிடங்கள் நிரம்பியே இருக்கும்.

வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் மீதியுள்ள கேஸை வெளியேற்றி, ராடை ஹோல்டரிலிருந்து எடுத்துவிட்டு, பவரை அணையுங்கள். உடனே வீட்டுக்குள் போய்விடாதீர்கள். பொறி 10 மீட்டர் வரை தெறிக்கும். சாக்கு, அட்டைப் பெட்டி, மரத்தூள் எதிலாவது விழுந்து வெளியே தெரியாமல் புகைந்து கொண்டிருக்கும். அமெரிக்க தீத்தடுப்புத் தரத்தில் வெல்டிங் முடிந்த பின் காவல் இருக்க வேண்டிய நேரம் முன்பு அரை மணியாக இருந்தது; 2019 பதிப்பில் அதை ஒரு மணி நேரமாக உயர்த்தினார்கள். ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் வைத்துக் கொண்டு அந்த ஒரு மணி நேரத்தில் இடத்தைப் பெருக்கி, ராடு துண்டுகளைப் பொறுக்கி முடித்துவிடலாம்.